பயோலோகோஸ் இணையதளம்: எதற்கு உதவும், எங்கே போதாது, எந்த வரிசையில் படிக்க வேண்டும்

பத்தாம் வகுப்பில் பரிணாமம் படிக்கும் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறது. பள்ளித் தேர்வுக்கு ஒரு விடை, வேதாகமத் தேர்வுக்கு இன்னொரு விடை. இரண்டிலும் நல்ல மதிப்பெண் கிடைத்துவிடுவதால் கேள்வி வெளியே வருவதில்லை. கல்லூரியில் உயிரியலோ மருத்துவமோ எடுக்கும்போதுதான் வருகிறது. "அது வெறும் தியரிதானே" என்று ஒரு போதகர் சொல்லிவிடலாம். "அது வெறும் கதைதானே" என்று ஒரு பேராசிரியர் சொல்லிவிடலாம். இரண்டு பதிலும் அந்த மாணவருக்குப் பயன்படாது.

இந்தக் கேள்விக்கென்றே நடக்கும் இலவச இணையச் சேவை பயோலோகோஸ். மனித மரபணுத்தொகைத் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் 2007-இல் இதைத் தொடங்கினார். நாத்திகராக இருந்து, மருத்துவம் படித்த காலத்தில், 27 வயதில் விசுவாசத்துக்கு வந்தவர் அவர். 2009-இல் இணையதளம் திறந்தது. அதே ஆண்டு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு இயக்குநராகப் போனதால் அவர் பொறுப்பை விட்டு விலகினார். 2013-இல் வானியலாளர் டெபோரா ஹார்ஸ்மா தலைவரானார். அலுவலகம் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் இருக்கிறது. பயோஸ் என்றால் கிரேக்கத்தில் உயிர். லோகோஸ், "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று யோவான் தொடங்கும் அந்த வார்த்தை.

தங்கள் நிலையை இவர்கள் பரிணாமவழிப் படைப்பு என்கிறார்கள். தேவன் சிருஷ்டிகர், பரிணாமம் அவர் சிருஷ்டித்த விதம் என்பது சுருக்கம். வேதாகமத்தைத் தேவனுடைய வார்த்தை என்றும் இயேசுவின் உயிர்த்தெழுதலை நடந்த நிகழ்வு என்றும் ஏற்பவர்கள். ஆகவே "அற்புதங்களை எல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தை விசுவாசம் என்கிறார்கள்" என்ற குற்றச்சாட்டு இவர்கள்மேல் நிற்காது. இதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. சபையில் முதலில் எழும் சந்தேகமே அதுதான்.

கட்டணமில்லை, பதிவு செய்ய வேண்டியதில்லை. மூன்று பகுதிகள் நமக்குப் பயன்படும். பொதுவாக எழும் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள் ஒன்று. தொடர் கட்டுரைகள் இன்னொன்று. 2019-இல் தொடங்கிய ஒலித்தொடர் மூன்றாவது. ஜிம் ஸ்டம்ப் நடத்துகிறார், உரையாடல்களின் எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கிறது. அமெரிக்க உச்சரிப்பு பிடிபடாதவர்கள் எழுத்து வடிவத்தை முதலில் படித்துவிட்டுக் கேட்டால் எளிது. இன்டிகிரேட் என்ற பெயரில் உயர்நிலைப் பள்ளிக்கான பாடத்திட்டத்தை விலைக்கு விற்கிறார்கள். வீட்டிலேயே கல்வி தரும் அமெரிக்கப் பெற்றோருக்கும் அங்குள்ள கிறிஸ்தவப் பள்ளிகளுக்கும் அது பொருந்தும். நம் ஊர் வாலிபர் கூட்டத்துக்கு இலவசப் பகுதியே போதும்.

தளத்தின் உண்மையான பலம் மரபணுப் பகுதி. தொடங்கியவரே மரபணுக்காரர் என்பது தெரிகிறது. இரண்டு உதாரணங்களை நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

முதலாவது, இரண்டாம் குரோமோசோம். மனிதருக்கு 23 ஜோடி. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்உட்டானுக்கு 24 ஜோடி. பொது மூதாதை உண்டென்றால் அந்த ஒரு ஜோடி எங்கே போனது? முழுதாகத் தொலைந்திருந்தால் உயிர் பிழைத்திருக்க முடியாது. ஆக, இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். குரோமோசோமின் இரு முனைகளிலும் டிடிஏஜிஜிஜி (TTAGGG) என்ற டி.என்.ஏ. ஆறெழுத்து திரும்பத் திரும்ப வரும். அது முனையின் அடையாளம். மனிதரின் இரண்டாம் குரோமோசோமில் அந்த முனை அடையாளம் நடுப்பகுதியில் கிடக்கிறது. ஒரு பக்கம் டிடிஏஜிஜிஜி, அதையடுத்துத் திரும்பிய நிலையில் சிசிசிடிஏஏ. இதை 1991-இல் கண்டறிந்தார்கள். போதாததற்கு, செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கப் பிடியாக உதவும் சென்ட்ரோமியர் இயங்கும் நிலையில் ஒன்று இருக்க, செயலிழந்த இன்னொரு சென்ட்ரோமியரின் எச்சமும் அதே குரோமோசோமில் உண்டு. சிம்பன்சியின் இரண்டு குரோமோசோம்களை அருகே வைத்தால் மரபணு வரிசை பொருந்துகிறது. அதனால்தான் அவற்றுக்கு இப்போது 2ஏ, 2பி என்று பெயர். அறிவியல் வகுப்பில் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற கருத்தை நுழைத்ததை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த, 2005-இல் நடந்த பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் கென்னத் மில்லர் இந்தச் சான்றைத்தான் நீதிமன்றத்தில் விளக்கினார். அவர் விசுவாசமுள்ள கத்தோலிக்கர்.

இதைச் சொல்லிக்கொடுக்கும்போது பெரும்பாலோர் மிகைப்படுத்திவிடுகிறார்கள். ஒட்டு மட்டும் சொல்வது, மனித வம்சத்தில் ஒரு காலத்தில் 24 ஜோடி இருந்தது என்பதைத்தான். அது மட்டுமே பொது மூதாதையை நிறுவாது. மரபணு வரிசைப் பொருத்தமும், அடுத்து வரும் பழுதடைந்த மரபணுக்களும் சேரும்போதுதான் வாதம் முழுமையாகும். "ஒட்டின இடம் மிகக் குட்டையாக இருக்கிறது, எழுத்துகள் சிதைந்திருக்கின்றன" என்று, பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டே வயது என்னும் இளம்பூமிக் கருத்துடையவர்கள் மறுப்பார்கள். கவனிப்பு சரியானதுதான். அந்தப் பகுதி சுமார் 800 எழுத்துகளே, சிதைவும் உண்டு. முனையாக வேலை செய்யாத முனை அடையாளம் காலப்போக்கில் சிதையும் என்று எதிர்பார்ப்பதும் சரியே. எதிர்த்தரப்பின் கேள்வியை மறைக்காமல் மேசைமேல் வைத்துப் பதில் சொன்னால்தான் மாணவர் பின்னால் வேறெங்கோ அதைக் கேட்டு அதிர்ச்சியடைய மாட்டார்.

இரண்டாவது, வைட்டமின் சி. பெரும்பாலான பாலூட்டிகள் தங்கள் ஈரலிலேயே அதைத் தயாரித்துக்கொள்கின்றன. ஆட்டுக்கு நெல்லிக்காய் தேவையில்லை. நமக்குத் தேவை. தயாரிப்பின் கடைசிப் படிக்கான நொதியைத் தரும் குலோ என்ற மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை, உடைந்து கிடக்கிறது. சிம்பன்சியிடமும் உடைந்திருக்கிறது, கோயில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்குரங்கிடமும் உடைந்திருக்கிறது. தேவாங்கு, லீமர் வகையில் உடையவில்லை. குடும்ப மரத்தில் எந்தக் கிளை எப்போது பிரிந்தது என்று எலும்புகளும் உடலமைப்பும் ஏற்கெனவே சொல்லியிருந்தது. உடைப்பு அந்தக் கிளைக்குள் அடங்கி நிற்கிறது. சீமைப்பெருச்சாளி என்கிற கினிப்பன்றியிடமும் இந்த மரபணு பழுதுதான். ஆனால் அது வேறு விதமான, தனியாக நடந்த உடைப்பு. இந்த விதிவிலக்கைச் சேர்த்தே சொல்ல வேண்டும். "தேவைப்படாத மரபணு எந்த விலங்கிலும் தானாகக் கெடும், அதற்கு உறவு எதற்கு" என்ற கேள்விக்கு இதில்தான் விடை இருக்கிறது. தனித்தனியாகக் கெட்டால் கெட்ட விதமும் தனித்தனியாக இருக்கும். நமக்கும் மற்றக் குரங்கினங்களுக்கும் கெட்ட விதத்தில் பொதுச் சுவடுகள் உண்டு.

ஒரே வடிவமைப்பாளர் ஒரே மாதிரிப் பொருட்களைச் செய்தார் என்ற பதில் நல்ல மரபணுக்களுக்குப் பொருந்தலாம். ஒரே விதமாக உடைந்த மரபணுவை அவர் தனித்தனியாக இரண்டு உயிர்களுக்குள் வைத்தார் என்றால், தேவனைப் பற்றி நாம் சொல்லத் தயங்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அந்த இடத்தில் பொது மூதாதை என்ற விளக்கமே விசுவாசிக்கும் நேர்மையானது என்பது என் கணிப்பு.

பூமியின் வயதைப் பற்றிய பகுதியும் நன்றாக இருக்கிறது. ஒரு குழப்பத்தை மட்டும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள். "கார்பன் டேட்டிங் தவறு, ஆகவே டைனோசர் வயதும் தவறு" என்று பிரசங்கங்களில் கேட்கலாம். டைனோசருக்குக் கார்பன் முறையை யாரும் பயன்படுத்துவதில்லை. கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டு. ஏறத்தாழ 50,000 ஆண்டுக்குமேல் அளக்கப் போதிய கார்பன்-14 மிஞ்சாது. பழைய பாறைகளுக்கு யுரேனியம்-ஈயம், பொட்டாசியம்-ஆர்கான் முறைகள். யுரேனியம்-238இன் அரை ஆயுள் 447 கோடி ஆண்டு. இதையெல்லாம் விசுவாசிகளுக்கென்றே எழுதியவர் ரோஜர் வீன்ஸ். செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் கெம்கேம் கருவிக்குத் தலைமை வகித்தவர்.

வகுப்பில் ஒரே ஒரு சான்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஜப்பானின் சுய்கெட்சு ஏரியை எடுங்கள். அந்த ஏரியின் அடியில் ஆண்டுக்கொரு வெளிர் அடுக்கும் கரிய அடுக்கும் படிகின்றன. அவை பல பத்தாயிரம் எண்ணிக்கையில் இருக்கின்றன. அடுக்குகளுக்குள் இலைகள் சிக்கியிருக்கின்றன. அடுக்கை எண்ணினால் ஒரு வயது வருகிறது, இலையைக் கார்பன் முறையில் அளந்தால் இன்னொரு வயது. இரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்தே போகின்றன. கார்பன் முறை ஒரேயடியாகத் தவறென்றால் மண்ணும் அதே அளவு தவறியிருக்க வேண்டும்.

வேத வாசிப்பு பற்றிய கட்டுரைகளில் பழைய ஏற்பாட்டு அறிஞர் ஜான் வால்டன் போன்றோரின் வழி முக்கியம்: ஆதியாகமம் அக்காலத்து எபிரேயருக்கு அவர்கள் அறிந்த உலகப் படத்தின் வழியாகப் பேசியது என்று வாசிப்பது. தமிழ் வாசகருக்கு இதைக் காட்ட அமெரிக்கக் கட்டுரையே தேவையில்லை. நம் பழைய திருப்புதலையே திறந்து வையுங்கள். "ஜலத்தின் மத்தியில் ஆகாயவிரிவு உண்டாகக்கடவது" என்கிறது. அதற்கு மேலும் தண்ணீர், கீழும் தண்ணீர். சூரியன் நாலாம் நாள் வருகிறது, ஆனால் சாயங்காலமும் விடியற்காலமும் முதல் நாளே இருக்கின்றன. முதல் அதிகாரத்தில் மரம், மிருகம், பிறகு மனிதன். இரண்டாம் அதிகாரத்தில் மனிதனை உருவாக்கிய பிறகே தேவன் மரங்களை முளைக்கப்பண்ணி, மிருகங்களை அவனிடம் கொண்டுவருகிறார். இந்தக் கேள்விகள் டார்வினுக்குப் பிறகு முளைத்தவையல்ல. சூரியன் இல்லாமல் மூன்று நாள் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் கேட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன், இயற்கையைப் பற்றித் தெரியாததை வேதத்தின் பெயரால் பேசும் கிறிஸ்தவர்களைக் கடுமையாகவே எச்சரித்தார். வெளியில் உள்ளவன் தனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் நாம் பிழை செய்வதைக் கண்டால், உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை எப்படி நம்புவான் என்பது அவருடைய கவலை.

"பூமியானது ஜாதிஜாதியான ஜீவஜந்துக்களாகிய... பிறப்பிக்கக்கடவது" என்ற கட்டளையின் வினைச்சொல்லையும் கவனிக்கச் சொல்லுங்கள். பிறப்பிக்கும்படி பூமிக்குச் சொல்லப்படுகிறது. இதைப் பரிணாமத்துக்குச் சான்று என்று யாரும் எடுத்துவிடக் கூடாது. எழுதியவருக்கு அப்படியொரு எண்ணம் இருந்திருக்காது. தேவன் இயற்கையின் வழியாகச் செயல்படுவது வேதத்துக்கு அந்நியமல்ல என்ற அளவுக்கு மட்டும் அது பேசும்.

தற்செயல் பற்றிய கட்டுரைகளை மொழிபெயர்க்கும்போது தமிழில் ஒரு சிக்கல் வருகிறது. மரபணு மாற்றம் 'ராண்டம்' என்று உயிரியலாளர் சொல்வதன் பொருள், உயிருக்கு எது தேவையோ அதை நோக்கி மாற்றம் வருவதில்லை என்பது மட்டுமே. தமிழில் 'தற்செயல்' என்றதும் "யாரும் காரணமில்லை, அர்த்தமில்லை" என்ற பொருளும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அறிவியல் அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை, அதைச் சோதிக்கும் கருவியும் அதனிடம் இல்லை. நம் வேதாகமத்தில் இதற்கென்றே ஒரு வசனம் இருக்கிறது: "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்." நீதிமொழிகள் 16:33. சீட்டுக் குலுக்குவதைக் கணக்காளர் நிகழ்தகவால் விவரிப்பார், அது முழுக்கச் சரி. விசுவாசி அதே குலுக்கலைக் கர்த்தரின் கையில் காண்கிறார், அதுவும் கணக்கோடு மோதவில்லை. தாயின் கர்ப்பத்தில் தேவன் நம்மை உருவாக்கினார் என்று பாடுகிற நாமே ஸ்கேன் எடுத்து வாரக்கணக்கில் வளர்ச்சியைப் பார்க்கிறோம், இரண்டையும் எதிரும் புதிருமாக வைப்பதில்லை. தனி மனிதன் விஷயத்தில் இவ்வளவு இயல்பாகச் செய்வதை மனித இனத்தின் விஷயத்திலும் செய்ய முடியும்.

இனி ஆதாம். தளம் இந்த இடத்தில் ஒரே பதில் தருவதில்லை. பல மாதிரிகளை அடுக்குகிறது. மனிதக் கூட்டத்திலிருந்து தேவன் தெரிந்துகொண்ட ஒரு நிஜத் தம்பதி என்பது ஒரு வழி. மனித குலம் முழுவதையும் குறிக்கும் உருவகம் என்பது இன்னொரு வழி. மூன்றாவது, செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா சுவாமிதாஸ் விளக்கும் வம்சவழி ஆதாம். மரபணு வழி வேறு, வம்ச வழி வேறு என்பது அவருடைய அடிப்படை. எட்டு, பத்து தலைமுறைக்கு முந்தைய பாட்டன் ஒருவரின் டி.என்.ஏ. உங்களிடம் ஒரு எழுத்துகூட இல்லாமல் போகலாம், ஆனாலும் நீங்கள் அவர் வம்சம்தான். அந்தக் கணக்கில், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தனியாக உருவாக்கப்பட்ட ஒரு தம்பதி, வெளியே இருந்த மக்களோடு சந்ததி கலந்து, இன்றைய அனைவருக்கும் மூதாதையாக இருப்பதை மரபியல் மறுக்க முடியாது.

தளத்தின் பெரிய சறுக்கலும் இதே பகுதியில்தான். மனித இனம் ஒருபோதும் இரண்டு பேராகச் சுருங்கியிருக்க முடியாது, சில ஆயிரங்களுக்குக் கீழே போனதே இல்லை என்பதை அங்கே எழுதிவந்த மரபியலாளர் டென்னிஸ் வெனிமா மிக உறுதியான முடிவாக முன்வைத்தார். பிரித்தானிய மரபியலாளர் ரிச்சர்ட் பக்ஸ் அந்த உறுதிக்குக் கணக்கு காட்டும்படி கேட்டார். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்போ வாழ்ந்த ஒரு ஜோடியை இன்றைய மரபணு வேறுபாட்டை வைத்து மட்டும் தள்ளிவிட முடியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. திருத்திக்கொண்டது பாராட்டத்தக்கது. ஆனால் அதற்குள் பழைய உறுதியைப் படித்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். எனவே ஆதாம் பற்றிய எந்தக் கட்டுரையிலும் முதலில் தேதியைப் பாருங்கள். 2017-க்கு முந்தையதென்றால் புதியதோடு ஒப்பிடாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கத்தோலிக்கருக்கு இந்தப் பகுதி அப்படியே பொருந்தாது. 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) மனித உடலின் தோற்றத்தைப் பற்றிய பரிணாம ஆய்வுக்கு வழிவிட்டார்; ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதில் உறுதியாக நின்றார்; பல முதல் பெற்றோர் என்ற கருத்து பிறவிப் பாவப் போதனையோடு எப்படி இணையும் என்பது தெரியவில்லை என்றும் சொன்னார். 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் கருதுகோளைவிட மேலானது என்றார். மறைக்கல்வி ஆசிரியர்கள் இந்த இரண்டு ஆவணங்களிலிருந்து தொடங்கி, மரபணுப் பகுதிக்கு மட்டும் பயோலோகோஸை எடுத்துக்கொள்வது சரியான பங்கீடு.

என்னைத் திருப்திப்படுத்தாத பகுதி மரணமும் வேதனையும். "ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்திலே பிரவேசித்தது" என்று ரோமர் 5:12 சொல்கிறது. மனிதன் வருமுன் கோடிக்கணக்கான ஆண்டுகள் மிருகங்கள் செத்துக்கொண்டிருந்தன என்று பாறை சொல்கிறது. பவுல் பேசுவது மனிதருடைய மரணம், அதிலும் தேவனிடமிருந்து பிரிக்கும் மரணம் என்ற பதில் வசனத்துக்கு நியாயமானதே. சங்கீதம் 104 சிங்கக்குட்டிகள் இரைக்காகக் கெர்ச்சிப்பதைத் தேவனிடம் ஆகாரம் கேட்பதாகவே பாடுகிறது, வேட்டையை அங்கே சாபமாகச் சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்கும் வாலிபருக்கு வசன விளக்கம் மட்டும் போதாது. இத்தனை வலியின் வழியாகவா அன்புள்ள தேவன் சிருஷ்டித்தார் என்பதுதான் அவர் கேட்பது. தளத்தில் இதற்குக் கட்டுரைகள் உண்டு. மரபணுக் கட்டுரைகளின் கூர்மை அவற்றில் இல்லை, பொதுவான ஆறுதலாக முடிந்துவிடுகின்றன. சிலுவையில் தொங்கும் தேவனிலிருந்து இந்தக் கேள்வியைத் தொடங்குவதே பலன் தரும். அந்த வேலையைக் கூட்டம் நடத்துபவர்தான் செய்ய வேண்டும்.

மற்றொரு குறை, முழுத் தளமும் அமெரிக்கச் சுவிசேஷச் சபைகளின் சண்டையை மனதில் வைத்து எழுதப்பட்டது. பூமிக்கு 6,000 வயதுதான் என்பது அங்கே சபையின் அடையாளமாகிவிட்டது. அதுவும் 1961-க்குப் பிறகு பரவிய இயக்கத்தால் வலுப்பட்டது. டார்வின் காலத்தில் அமெரிக்காவில் அவருடைய முதன்மையான ஆதரவாளரே ஹார்வர்டின் தாவரவியலாளர் ஏசா கிரே, பிரஸ்பிட்டேரியன் விசுவாசி. டார்வின் 1857-இல் அவருக்கு எழுதிய கடிதத்தின் பகுதிதான் மறு ஆண்டு, டார்வினின் கருத்து முதன்முதலாக வெளியானபோது, லண்டன் லினேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. இந்த வரலாற்றைச் சொன்னால் பரிணாமமும் விசுவாசமும் பிறப்பிலேயே பகை என்ற எண்ணம் கலையும்.

நம் பக்கத்துச் சான்றை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கோடரியை எடுத்தார். அதே ஆண்டு அதிரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். அதிரம்பாக்கத்தின் அடி அடுக்குக் கருவிகளுக்குத் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011-இல் வெளியிட்ட வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு. ஃபுட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழாக்கிய அதே பாதிரியார். தமிழ் வேதாகமமும் தமிழ் மண்ணின் கற்காலமும் ஒரே குடும்பத்துக்குள் சந்தித்திருக்கின்றன. இது மாணவர் மனதில் தங்கும்.

நடத்தும் முறை. ஆறு வாரம், வாரம் ஒன்றேகால் மணி, 15 பேருக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் கட்டுரை எதுவும் தராமல் ஆதியாகமம் 1, 2 இரண்டையும் அருகருகே வாசித்து வரிசையைப் பலகையில் எழுதவையுங்கள். இரண்டாம் வாரம் வயது. 4 மீட்டர் 54 சென்டிமீட்டர் கயிறு ஒன்றை அறையின் குறுக்கே கட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் பத்து லட்சம் ஆண்டு. இன்றைய முனையிலிருந்து பின்னோக்கி அளந்தால் பழைய உயிர்ச் சுவடுகள் 3.5 மீட்டரில், கால் முளைக்கத் தொடங்கிய மீனான டிக்டாலிக் 37.5 சென்டிமீட்டரில், டைனோசர்களின் முடிவு 6.6 சென்டிமீட்டரில், அதிரம்பாக்கம் கோடரி ஒன்றரை மில்லிமீட்டரில் வரும். ஆபிரகாமைக் குறிக்கப் பென்சில் முனையும் தடிமன்தான். நீளாத நூல் கயிறாகப் பாருங்கள். நைலான் கயிறு இழுத்துக் கட்டினால் நீண்டு குறிகள் நகர்ந்துவிடும்.

மூன்றாம் வாரம் மரபணு. ஒவ்வொருவருக்கும் இரண்டு காகிதப் பட்டை. ஒவ்வொன்றின் வலது முனையிலும் டிடிஏஜிஜிஜி என்று மூன்று தடவை எழுதச் சொல்லி, இரண்டாவதைத் திருப்பி முனையோடு முனை ஒட்டச் சொல்லுங்கள். இங்கே எல்லோரும் செய்யும் பிழை, திரும்பிய பட்டையில் எழுத்தைத் தலைகீழாக மட்டும் படித்து ஜிஜிஜிஏடிடி என்று எழுதுவது. டி.என்.ஏ.வில் திரும்பினால் எதிர் இழையையும் படிக்க வேண்டும்: ஏவுக்கு டி, ஜிக்கு சி. அப்போதுதான் சிசிசிடிஏஏ கிடைக்கும். இதைத் திருத்தும் ஐந்து நிமிடத்தில் பாடம் பாதி முடிந்துவிடும். நெல்லிக்காயும் கொண்டுபோங்கள்.

நாலாம் வாரம் நீதிமொழிகள் 16:33. ஐந்தாம் வாரம் ஆதாம், மூன்று மாதிரிகளையும் சமமாக வைத்து. ஆறாம் வாரம் மரணமும் வேதனையும். அதற்கு மட்டும் அரை மணி கூடுதலாக ஒதுக்குங்கள்.

பெரும்பாலான குழுக்கள் ஆதாமிலிருந்து தொடங்கிவிடுகின்றன, அங்கேயே முடிந்தும் விடுகின்றன. முதல் நாளே "அப்படியானால் ஆதாம் இல்லையா" என்ற கேள்வி வந்தால், ஐந்தாம் வாரம் என்று தேதி சொல்லிப் பலகையின் மூலையில் எழுதி வையுங்கள். அழிக்காமல் ஐந்து வாரமும் அது அங்கேயே இருக்கட்டும். "குரங்கிலிருந்து மனிதன் வந்தான்" என்ற வாக்கியத்தை வகுப்பில் யார் சொன்னாலும் அன்றே திருத்துங்கள். இன்றைய குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, தூரத்துப் பங்காளி. போதகருக்குத் தெரியாமல் இந்தக் கூட்டத்தை நடத்தவே கூடாது. முதல் வாரத்துக்கு முன்பே அவரிடம் ஆறு வாரத் திட்டத்தையும் கட்டுரைகளின் தமிழ்ச் சுருக்கத்தையும் கொடுத்து, ஆறாம் வாரத்தை அவரையே நடத்தித் தரும்படி கேளுங்கள். பயோலோகோஸ் இணைப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருப்பது உதவாது. ஆங்கிலக் கட்டுரையின் முதல் பத்தியைத் தாண்டி யாரும் படிக்கமாட்டார்கள், தலைப்பை வைத்தே சண்டை தொடங்கிவிடும்.